இரண்டு தெருவுக்கும் நான் எழுதிய சேதி

பெரம்பலூர் மாவட்டம், வாலிகண்டபுரம் வழி, குளத்தடி கிராமம், காலனித் தெரு, கதவு எண் 4/62-இல் குடியிருக்கும் சின்னான் மகன் பாவாடை, வயது 72 (வாக்காளர் அட்டையில் 75 என்று உள்ளது, அது தவறு), காவல் சார்பு ஆய்வாளர் அவர்கள் முன்பு என் கைப்பட எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம்.

முதலில் என் கையெழுத்துக்காக ஐயா அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஓர் எழுத்து பெரிதாகவும் அடுத்தது சிறிதாகவும் வருகிறது. வரி வலது பக்கம் போகப் போகக் கீழே இறங்கிவிடுகிறது. நான் எழுதக் கற்று இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. காலையில் ஏட்டு ஐயா, நான் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொள்வதாகவும், கடைசியில் கைநாட்டு வைத்தால் போதும் என்றும், மதியச் சாப்பாட்டுக்குள் வீட்டுக்குப் போய்விடலாம் என்றும் நல்ல மனதோடு சொன்னார். நான் வேண்டாம் என்றேன். சாயங்காலம் ஆனாலும் நானே எழுதுகிறேன் என்று சொல்லி, நிலையத்தின் வாசலில் உள்ள பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஏன் என்பது கீழே வரும்.

என் ஊர்க்காரர் செல்லமுத்து கொடுத்துள்ள மனுவை எனக்குப் படித்துக் காட்ட வந்தார்கள். நான் அதை வாங்கி நானே படித்தேன். அதில், ‘எழுதப் படிக்கத் தெரியாத பாவாடை என்பவரின் பெயரைப் பயன்படுத்தி, கூப்பிடு நிறுவனத்தின் உரிமையாளர் வெற்றிச்செல்வி, இரு தெருவினருக்கிடையே பகையை மூட்டும் செய்தியை எழுதிப் பரப்பினார்’ என்று இருக்கிறது. இதில் இரண்டு பொய் இருக்கின்றன. அந்தச் செய்தியை எழுதியது வெற்றிச்செல்வி அல்ல, நான். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதும் பொய். என் ஆயுளில் என் மேல் பல மனு வந்திருக்கின்றன. மாடு கரும்பில் மேய்ந்ததாக ஒன்று, வரப்பில் மண் வெட்டியதாக ஒன்று, கோயில் வாசலில் செருப்போடு நடந்ததாக ஒன்று. எழுதியதற்காக வந்த மனு இதுதான் முதல். அதிலும் என்னை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போட்டிருக்கிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன்.

வெற்றிச்செல்வி எங்கள் காலனித் தெருவில் பிறந்தவள். இன்ஜினியரிங் படித்து, பெங்களூரில் வேலை பார்த்து, கொரோனா காலத்தில் வீடு திரும்பினாள். அப்போது ரேஷன் கடையில் பாமாயில் வந்ததா இல்லையா என்று தெரியாமல் ஆட்கள் வெயிலில் போய்ப் போய்த் திரும்பி வந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு அவள் போனில் ஓடும்படி ஒரு ஆப் செய்தாள். அதற்குக் கூப்பிடு என்று பெயர். அதில் படிக்க ஒன்றும் இல்லை. பச்சைப் பொத்தானை அழுத்திக்கொண்டு பேசினால், அந்த ஊர்க்காரர் எல்லாருடைய போனிலும் அந்தப் பேச்சு கேட்கும். கடைக்காரரே பாமாயில் வந்துவிட்டது என்று பேசினார். அதன் பிறகு ஆடு காணோம், நூறு நாள் வேலை எந்த ஏரியில், எட்டரை மணி பஸ் வரவில்லை என்று எல்லாரும் பேசினார்கள். ஊர்த்தெருவும் பேசியது, காலனியும் பேசியது. ஒரே ஊர், ஒரே பொத்தான்.

அதன் பிறகு அவளோடு கல்லூரியில் படித்த ஜெயப்பிரகாஷ் என்பவர் கூட்டுச் சேர்ந்தார். அவர் ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரி விவசாயக் குடும்பம். தன் பங்கு முந்திரித் தோப்பை அடகு வைத்து முதல் பணம் போட்டவர் அவர்தான். பெரம்பலூரில் ஓர் உரக்கடையின் மாடியை வாடகைக்குப் பிடித்தார்கள். என்னைப் போன்ற வயதானவர்கள் ஆறு பேரைக் கேட்பாளர் வேலைக்கு எடுத்தார்கள். யாராவது ஒரு பேச்சைத் தப்பு என்று புகார் செய்தால், அது எங்கள் காதுக்கு வரும். நாங்கள் கேட்டு, இருக்கட்டும் அல்லது எடு என்று சொல்ல வேண்டும். களை எடுத்தும், மூட்டை தூக்கியும், சிமெண்ட் லாரியில் லோடு ஏற்றியும் சம்பளம் வாங்கியிருக்கிறேன். உட்கார்ந்து கேட்டதற்குச் சம்பளம் வாங்கியது அங்கேதான்.

நான் எப்போதும் சரியாகத்தான் சொன்னேன் என்று எழுத மாட்டேன். ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து, “ஒன் ஆட்டக் கட்டிப் போடுறியா, இல்ல நான் பிரியாணிக்கு ஆள் கூப்புடட்டுமா?” என்று பேசியிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்ததால் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் அந்த ஆடு உண்மையிலேயே காணாமல் போய், இரண்டு வீட்டுக்கும் கைகலப்பு ஆகிவிட்டது. வெற்றிச்செல்வி என்னைக் கூப்பிட்டு, “தாத்தா, சிரிப்பு வந்தா ரெண்டாவது தடவ கேளுங்க” என்றாள். அதன் பிறகு அப்படியே செய்தேன்.

அதன் பிறகு நிறுவனம் அரியலூர் மாவட்டத்துக்கும் போனது. அரியலூரில் ஓர் ஆபீஸ் திறந்தார்கள். அங்கே மேசையைத் துடைத்த கையை எடுப்பதற்குள் லாரிப் புழுதி படிந்துவிடும். ஆள் கூடக் கூடத் தொல்லையும் கூடியது. திங்கள், வெள்ளி இரண்டு நாளும் சிறுவாச்சூர்க் கோயிலுக்கு வருகிற கூட்டம் முழுக்க ஒரே நேரத்தில் பேசியதால் ஆப் நின்றுவிடும். ஜெயங்கொண்டம் பக்கத்தில் சம்பந்தி வீட்டுப் பெண்கள் இருவர் ஒரு வாரம் மாறி மாறிச் சண்டை போட்டார்கள். சுற்றுவட்டாரமே வேலையை விட்டுவிட்டுக் கேட்டது. வெற்றிச்செல்வி அதை நிறுத்தச் சொன்னாள். ஜெயப்பிரகாஷ், “ரெண்டு நாள் இரு செல்வி, சென்னைலேருந்து ஆள் வராங்க, இந்தக் கூட்டத்த அவங்களும் பாக்கட்டும்” என்றார். அவள் காத்திருக்கவில்லை. தானே போய் நிறுத்திவிட்டு வந்தாள்.

சென்னையிலிருந்து வந்தவர் பூங்குழலி. பெரிய முதலீட்டுக் கம்பெனி ஒன்றின் சார்பில் வந்தார். ஒரு மதியம் முழுக்க எங்கள் ஆறு பேரோடு உட்கார்ந்து, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டார். எங்களோடு தக்காளிச் சாதம் சாப்பிட்டார். “இந்தக் கம்பெனிக்கு நீங்கதான் ஐயா உசுரு” என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்கவில்லை. அதன் பிறகு உள் அறையில் படம் காட்டிப் பேசினார்கள். கதவு திறந்திருந்ததால் எனக்குக் கேட்டது. எந்த ஊரில் இரண்டு தெருவும் சேர்ந்து பேசுகிறதோ, அந்த ஊரில் கொஞ்ச நாளில் ஊர்த்தெருக்காரர்கள் விலகிவிடுகிறார்கள், அதனால் ஆள் கணக்கைக் காட்டும் கோடு மேலே ஏறாமல் படுத்துவிடுகிறது என்று பூங்குழலி சொன்னார். அதற்கு வழியாக நம்ம தெரு என்று ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்றார். ஆள் சேரும்போதே தெருவைக் கேட்டுக்கொள்வது, பேசுகிறவர் விரும்பினால் தன் தெருவுக்கு மட்டும் பேசிக்கொள்வது. வெற்றிச்செல்வி, “அது தெரு இல்ல மேடம், சாதி” என்றாள். அவர், “சாதின்னு நாம எங்கயும் போடலையே செல்வி, தெருன்னுதானே போடுறோம்” என்றார். மூன்று மாதம் சில ஊர்களில் நடத்திப் பார்த்து, கோடு ஏறினால் பணம் வரும் என்று பேச்சு முடிந்தது.

அப்போது எங்களுக்கு இரண்டு மாதமாகச் சம்பளம் வரவில்லை. வெற்றிச்செல்வி ஒப்புக்கொண்டாள். முதல் ஊராகக் குளத்தடியையே எழுதிக் கொடுத்தாள். எனக்கும் அவளுக்கும் அன்று மாடிப்படியில் வாக்குவாதம் நடந்தது.

“பொறந்த தெருவுக்கே கதவு வச்சிட்டியே பாப்பா?”

“வேற ஊருல போயி வைக்க எனக்கு மனசு வரல தாத்தா. நம்ம ஊருன்னா என்ன நடக்குதுன்னு நானே பாத்துக்குவேன்.”

“எதுக்கு வைக்கணும்ங்கறேன்.”

“இருவத்தாறு பேருக்குச் சம்பளம். அதுல நீங்களும் ஒருத்தரு.”

“என் சம்பளத்த எடுத்துக்க.”

“மத்த இருவத்தஞ்சு?”

நான் படி இறங்கிவிட்டேன். அதையும் இங்கே எழுதுகிறேன். அவள் பணத்துக்கு ஆசைப்பட்டு இதைச் செய்யவில்லை. ஆனாலும் செய்தாள்.

அதே சமயம், இனிமேல் ஆப்பில் எழுத்தும் வரும், விளம்பரத்துக்கு எழுத்து வேண்டும், படிக்கத் தெரியாத கேட்பாளரை வைத்துக்கொள்ள முடியாது என்று ஜெயப்பிரகாஷ் சொன்னார். நான்கு பேர் நின்றுவிட்டார்கள். நான் நிற்கவில்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு நடக்கும் வகுப்பில் சேர்ந்தேன். மணிமொழி என்கிற பெண் சொல்லிக் கொடுத்தது. பகலில் தையல் தைத்துவிட்டு வரும். ஒருவரும் கற்றுக்கொள்ளாமல் போகக் கூடாது என்று அதற்கு ஒரு பிடிவாதம். ஆபீஸ் மேசையில் படிந்த புழுதியில் விரலால் எழுதிப் பார்ப்பேன். ஒரு நாள் புதுப் பேருந்து நிலையத்தில் நின்ற பஸ்ஸின் போர்டைப் பார்த்து, யாரையும் கேட்காமல் ஏறி, அது போகும் என்று எழுதியிருந்த ஊருக்கே போய் இறங்கினேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஒரு டீ குடித்துவிட்டு, திரும்பும் பஸ்ஸின் போர்டையும் படித்துத்தான் ஏறினேன்.

அதன் பிறகு நடந்ததுதான் இந்த மனுவுக்குக் காரணம். அதற்கு முன்பு ஒரு விவரம் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஊர்த்தெருவில் சாவு விழுந்தால், வெளியூர்ச் சொந்தங்களுக்குச் சேதி சொல்ல நடந்து போக வேண்டியது காலனி ஆள். என் அப்பா போனார். எனக்கு மீசை முளைத்ததிலிருந்து நானும் போனேன். சேதி சொன்ன வீட்டில் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். குழி வெட்டுவதும் மோளம் அடிப்பதும் நாங்கள்தான். மோளத்தை எங்கள் பிள்ளைகள் நிறுத்திவிட்டார்கள். சேதி சொல்லப் போவது கூப்பிடு வந்ததும் தானாக நின்றது. செத்தவர் வீட்டுக்காரரே பொத்தானை அழுத்திப் பேசினார், இரண்டு தெருவும் கேட்டது, நாங்களும் மற்றவர்களைப் போல மாலை வாங்கிக்கொண்டு போனோம். குழி வெட்டுவதை மட்டும் சிலர் விடாமல் செய்து வந்தோம். செத்தவருக்குச் செய்வது என்று நினைத்துச் செய்தோம்.

நம்ம தெரு வந்த பிறகு, செல்லமுத்துவின் மனைவி லீலாவதி அம்மாள் இறந்துபோனார். சேதியை அவர்கள் ஊர்த்தெருவுக்கு மட்டும் போட்டார்கள். அன்று எனக்குக் கேட்பாளர் வேலை இல்லாததால் நான் போனைத் திறக்கவில்லை. வெடிச்சத்தம் கேட்டுத்தான் ஏதோ சாவு என்று காலனிக்குத் தெரிந்தது. யாருடைய சாவு என்று தெரியவில்லை. நாங்கள் அவரவர் வாசலில் நின்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தோம். லீலாவதி அம்மாள் வயலில் நான் பல வருடம் நாற்று சுமந்திருக்கிறேன். கோபக்காரர், ஆனால் கூலியில் கை வைக்காதவர். தெரிந்திருந்தால் நான் முதல் ஆளாகப் போயிருப்பேன்.

மதியத்துக்கு மேல் செல்லமுத்துவின் தம்பி மகன் பைக்கில் காலனிக்கு வந்தார். வண்டியை விட்டு இறங்கவில்லை. அவர் பேசியதையும் நான் பேசியதையும் மாற்றாமல் எழுதுகிறேன்.

“என்னாய்யா, எல்லாரும் வூட்டுக்குள்ளயே குந்தியிருக்கீங்க? பொழுது எறங்குது, குழி வெட்ட ஒருத்தனையும் காணும்.”

“யாரு தவறுனதுங்க?”

“தெரியாத மாதிரி கேக்கற? எங்க பெரியம்மா.”

“எங்களுக்குச் சேதி வரலீங்களே.”

“அதான் இப்ப நேர்ல வந்து சொல்றன்ல.”

“சொல்ல வரலீங்க நீங்க, வேலைக்குக் கூப்புட வந்திருக்கீங்க. சேதிய ஒங்க தெருவுக்கு மட்டும்தான போட்டீங்க? குழியும் ஒங்க தெருவே வெட்டிக்கட்டும்.”

அவர் என்னைச் சில வார்த்தை சொன்னார். அவற்றை இந்தத் தாளில் எழுதி என் எழுத்தை அழுக்காக்க விரும்பவில்லை. அவர் போன பிறகு டவுனிலிருந்து ஜேசிபி வந்து குழி தோண்டியது.

இதில் செல்லமுத்து வீட்டார் வேண்டுமென்று எங்களை அவமானப்படுத்தினார்கள் என்று நான் சொல்லவில்லை. சேதியில் காலனியை விட்டுவிட்டோம் என்பதே அவர்களுக்குத் தோன்றவில்லை. பொத்தான் இருந்தது, அழுத்தினார்கள். வேலைக்கு நாங்கள் வந்துவிடுவோம் என்று நம்பினார்கள். எங்களுக்கு எப்படித் தெரியும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. எனக்கு வலித்தது அதுதான்.

அதன் பிறகு நான் வீட்டுக்குள் போய் என் போனை எடுத்தேன். கேட்பாளர் என்பதால் என் போனில் இரண்டு தெருவும் திறந்திருக்கும், அவர்கள் தெருவுக்கு மட்டும் போட்ட சேதியைத் திறந்து கேட்டேன். வேலைக்காகக் கொடுத்த அனுமதி அது, என் சொந்த விஷயத்துக்காகக் கொடுத்தது அல்ல. அதை நான் மீறினேன். அதற்கு வரும் தண்டனை என்னைச் சேர்ந்தது. பேச வேண்டாம், பேசினால் குரல் நடுங்கும், கெஞ்சுகிறான் என்பார்கள் என்று எழுத உட்கார்ந்தேன். ஒரு விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி எழுதினேன். கூட யாரும் இல்லை. என் மனைவி இருசம்மாள் மட்டும் அடுப்படியிலிருந்து, “சோறு ஆறுது, அந்தப் பொட்டியில என்னா நோண்டிக்கிட்டு கெடக்க?” என்று கேட்டாள். நான் எழுதியது இது:

‘குளத்தடி இரண்டு தெருவுக்கும். லீலாவதி அம்மாள் காலமானார். சேதியை ஒரு தெருவுக்குச் சொல்லிவிட்டு வேலைக்கு இன்னொரு தெருவில் ஆள் தேடினார்கள். காது ஒரு தெரு, கை ஒரு தெரு என்று இனி நடக்காது. சேதியில் நாங்கள் இருந்தால் சாவிலும் இருப்போம். இது நானே எழுதியது. பாவாடை.’

இவ்வளவுதான். இதில் யாரையும் அடி, வெட்டு என்று சொல்லவில்லை. யார் சாதியையும் சொல்லவில்லை. சொல்லப்போனால் அந்த அம்மாவுக்கு ஊர் முழுவதற்கும் சேர்த்துச் சேதி சொன்னது நான் ஒருவன்தான்.

மறுநாள், நம்ம தெரு ஓடிக்கொண்டிருந்த மற்ற ஊர்களிலும் காலனிக்காரர்கள் சொந்தக்காரர் மூலம் கேள்விப்பட்டு, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி அதையே போட்டார்கள். எழுதத் தெரியாதவர்கள் பேசிப் போட்டார்கள். அரியலூர்ப் பக்கம் சாவே இல்லாத ஊர்களில்கூடப் போட்டார்கள். ஆப் இரண்டு முறை நின்றது. சென்னையில் கோடு செங்குத்தாக ஏறிவிட்டது என்று ஜெயப்பிரகாஷ் சொன்னார். அப்போது அவர் முகத்தில் சிரிப்பும் இருந்தது, அழுகையும் இருந்தது. “வளர்ச்சி வளர்ச்சின்னு கேட்டாங்க, இந்தா வந்துருச்சு” என்றார். அதற்குள் செல்லமுத்துவும் ஊர்த்தெருவினரும் இங்கே மனு கொடுத்துவிட்டார்கள். போலீஸ் விவகாரம் தீராமல் கையெழுத்து இல்லை என்று முதலீட்டுக் கம்பெனி சொல்லிவிட்டது.

அதன் பிறகு ஜெயப்பிரகாஷ் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு தாளும் மைப்பெட்டியும் இருந்தன.

“ஐயா, ஒரே ஒரு கைநாட்டு. ஒங்களுக்கும் கேசு இல்ல, செல்விக்கும் கேசு இல்ல. பணம் வந்துரும், எல்லாரும் பொழச்சுக்கலாம்.”

“என்னா எழுதியிருக்கு தம்பி?”

“சும்மா வக்கீல் எழுதுனதுங்க.”

“குடுங்க பாப்போம்.”

வாங்கி, வாசலில் நின்று, தெருவில் போகிறவருக்குக் கேட்கும்படி சத்தமாகப் படித்தேன். ‘எனக்கு எழுதவோ படிக்கவோ தெரியாது. என் கைப்பேசியை யாரோ அறிமுகமில்லாத நபர் எடுத்து மேற்படி செய்தியை எழுதிவிட்டார். அதன் பொருள் என்னவென்று எனக்குத் தெரியாது.’ கூட்டெழுத்து வந்த இடங்களில் நின்று நின்று படித்தேன். ஜெயப்பிரகாஷ் முதல் வரியிலேயே தலையைக் குனிந்துகொண்டார். நான் கடைசி வரி வரை படித்தேன்.

“முழுசாப் படிச்சிட்டேன் தம்பி. இதுல கைநாட்டு வச்சா, படிச்சதெல்லாம் பொய்யாயிடுமே.”

“ஐயா, எங்க தோப்பு போயிடும்ங்க” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவரை உட்கார வைத்து மோர் கொடுத்தோம். தாளையும் மைப்பெட்டியையும் திருப்பிக் கொடுத்தேன். இந்தத் தாளைப் பற்றி வெற்றிச்செல்விக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். அவர் மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை.

அதன் பிறகு நேற்று வெற்றிச்செல்வியை இந்த நிலையத்துக்கு அழைத்து விசாரித்தார்கள். எழுதியது யார் என்று தனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன் என்று அவள் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவள் என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாள். நான் அதை அவளிடம் கேட்கவில்லை, எனக்கு அது வேண்டியதும் இல்லை. ஆகவே இன்று காலை முதல் பஸ்ஸில் நானே வந்தேன். சார்பு ஆய்வாளர் ஐயா சிரித்து, “பெரியவரே, பொண்ணக் காப்பாத்த வந்தீங்களாக்கும்? ஒங்க ரெக்கார்டு எல்லாத்துலயும் கைநாட்டுதான இருக்கு” என்றார். “அது பழைய ரெக்கார்டுங்க” என்றேன். ஒரு தாளைக் கொடுத்து, நான் எழுதியதாகச் சொல்லும் செய்தியைப் பார்க்காமல் எழுதிக் காட்டச் சொன்னார். எழுதினேன். ஏட்டு ஐயாவும் இன்னும் இரண்டு காவலர்களும் மேசையைச் சுற்றி நின்று பார்த்தார்கள். வரி கீழே இறங்கியது, ஆனால் எழுத்து வந்தது. சார்பு ஆய்வாளர் ஐயா தாளையும் போனில் இருந்த செய்தியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, சிரிக்காமல், “டீ சாப்புடுறீங்களா?” என்று கேட்டார். தாள் இன்னும் வேண்டும் என்றேன். கொடுத்தார்.

மதியம் வெற்றிச்செல்வி இங்கே வந்தாள். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் எழுதிய பக்கங்களைப் படித்தாள். படிக்கட்டில் நடந்த வாக்குவாதத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். “இருக்கட்டும் தாத்தா, நடந்ததுதான” என்றாள். பிறகு காலையில் நம்ம தெருவை எல்லா ஊரிலும் மூடிவிட்டதாகவும், அதைப் பூங்குழலியிடம் போனில் சொன்னதாகவும், அவர் வருத்தப்பட்டுப் பணம் இல்லை என்று சொன்னதாகவும் சொன்னாள். மாடியைக் காலி செய்துவிட்டு அவள் அம்மா வீட்டிலிருந்தே நடத்தப் போகிறார்களாம். ஜெயப்பிரகாஷ் என்ன சொன்னார் என்று கேட்டேன். “மொதல்ல தோப்பு போச்சுன்னான். அப்பறம், நாற்காலியெல்லாம் எந்த வண்டில ஏத்தறதுன்னு கேக்கறான்” என்றாள். அவள் கண் சிவந்திருந்தது. எனக்குச் சம்பளம் இப்போதைக்கு இல்லை என்றாள். இருக்கட்டும் என்றேன். கேட்பாளராக அதுதான் நான் அதிகம் சொன்ன வார்த்தை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது என் போனில் செல்லமுத்துவின் குரல் வந்தது. வெற்றிச்செல்வியும் ஏட்டு ஐயாவும் கேட்டார்கள். தன் மனைவியின் பதினாறாம் நாள் காரியம் அடுத்த வியாழக்கிழமை வீட்டில் நடக்கிறது, எல்லாரும் வந்து சேர வேண்டும் என்று பேசியிருந்தார். இப்போது தெரு தெருவாகப் பேசும் பொத்தான் இல்லை. இரண்டு தெருவுக்கும் என்று தெரிந்துதான் பேசினாரா, வேறு வழி இல்லாமல் பேசினாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் எல்லாரும் என்று சொன்னார். அதை இரண்டாவது தடவையும் போட்டுக் கேட்டேன். எல்லாரும் என்றுதான் இருந்தது.

சேதியில் இருந்தால் சாவிலும் இருப்போம் என்று எழுதியவன் நான். ஆகவே போவேன். மாலை வாங்கிக்கொண்டு, முன்வாசல் வழியாகப் போவேன். லீலாவதி அம்மாள் படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டுவிட்டு, பந்தியில் உட்காருவேன். என்னை எழுந்திருக்கச் சொன்னாலும் எழுதுவேன், இலை போட்டாலும் எழுதுவேன். என்ன நடந்தது என்று அடுத்த வாரம் என் கைப்பட எழுதி இங்கேயே கொண்டுவந்து கொடுக்கிறேன். அதற்குள் எழுத்து இன்னும் கொஞ்சம் ஒழுங்காக வரும்.

மனுவில் ‘எழுதப் படிக்கத் தெரியாத’ என்று உள்ள மூன்று சொற்களை அடித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். மற்றபடி அதில் உள்ள குற்றம் வெற்றிச்செல்வி மேல் அல்ல, என் மேல் எழுதப்பட வேண்டும். யாரும் மிரட்டியோ சொல்லிக் கொடுத்தோ நான் இதை எழுதவில்லை. எழுதியதை ஒருமுறை நானே படித்துப் பார்த்தேன், எல்லாம் நடந்தது நடந்தபடியே இருக்கிறது. கீழே உள்ளது என் கையெழுத்து. மைப்பெட்டி தேவைப்படவில்லை.

இப்படிக்கு,
சி. பாவாடை
குளத்தடி